ஹேமரின் வாய்

முத்துவேலுக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளை தவறாமல் வந்துவிடும். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா, பக்கத்து வீட்டுக்காரர் இவனுடைய பைக்கைத் தொட்டுப் பார்த்தாரா, கடைக்காரர் நல்ல கேரட்டை உள்ளே வைத்துக்கொண்டு வாடியதைத் தள்ளிவிட்டாரா என்று ஏதாவது ஒன்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் சந்தேகம் பாதி நேரம் சரியாகவும் இருந்து தொலைத்ததுதான் வினை. அப்படிப்பட்டவன் கையில் இருந்த ஹேமர், காரணமே சொல்லாமல் மூன்றாவது முறையாகச் செத்துப்போனது.

நீலகிரியில் பிக்கட்டிக்கு அப்பால் மலையைக் குடைந்து, தண்ணீர் கொண்டுபோக ஒரு சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாறையில் துளை போட்டு, துளைக்குள் மருந்து வைத்து வெடித்து, கல்லை அள்ளிவிட்டு மறுபடியும் துளை போடுகிற வேலை. துளை போடுவதற்கு ஜம்போ என்று ஒரு வண்டி. அதற்கு ஒரே ஒரு நீளக் கை, அந்தக் கையின் மேல் ஹேமர். முத்துவேல்தான் அதற்கு மெக்கானிக். கோவையில் சொந்தமாக வைத்திருந்த பட்டறையை மூடிவிட்டு, பெண்டாட்டி மல்லிகாவையும் மகள் வர்ஷாவையும் கூட்டிக்கொண்டு இந்தக் குளிரில் வந்து குடியேறியிருந்தான்.

ஹேமர் என்றால் கையில் பிடித்து அடிக்கிற சுத்தியல் இல்லை. அது ஒரு இரும்புக் கூடு, அதற்குள் ஒரு பிஸ்டன். அழுத்தத்தோடு பாயும் ஆயில் பிஸ்டனை முன்னே தள்ளும், உடனே பின்னே தள்ளும். நாம் ஒரு மூச்சு விடுவதற்குள் அது எத்தனையோ தடவை போய், துளை போடுகிற கம்பியின் வாலில் அறைந்துவிட்டு வந்திருக்கும். கம்பி சுழன்றுகொண்டே பாறைக்குள் இறங்கும். பிஸ்டனுக்கும் அது ஓடுகிற குழலுக்கும் நடுவில் தலைமுடி நுழைய இடமில்லை, ஆயில் மட்டும்தான் போய்வரலாம். வேறு எது போனாலும் பிஸ்டன் கீறிக்கொள்ளும். கீறல் வழியாக அழுத்தம் கசியும், அடியில் வலு இருக்காது, சத்தம் மட்டும் வரும்.

அதனால் சுத்தம் விஷயத்தில் முத்துவேல் ஒரு ராட்சசன். ஹேமரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது பட்டறைப் பக்கம் யாரும் தும்மக்கூடக் கூடாது. வெல்டர் நல்லசாமி ஒருநாள் முறுக்கு தின்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்ததற்கு, அவருடைய வயதையும் பார்க்காமல் விரட்டி அடித்தான். ஒவ்வொரு பாகத்தையும் டீசலில் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் பூட்டுவான். அவன் பூட்டிய ஹேமரில் குறை சொல்ல முடியாது என்று அவனே சொல்லிக்கொள்வான், மற்றவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

முதல் தடவை கெட்டபோது அவனுக்கு வருத்தமில்லை. உள்ளே இருந்த ரப்பர் சீல் பழையது, உழைத்துத் தேய்ந்திருந்தது. அதை மாற்றிப் பூட்டினான். கொஞ்ச நாளில் மறுபடியும் அடி செத்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கீறல். அப்போதுதான் அவனுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. புது சீல், புது ஆயில், புது ஃபில்டர். அப்புறம் கீறல் எங்கிருந்து வந்தது? மூன்றாவது முறையும் அதே மாதிரி ஆனதும், மணி அடிப்பது நின்று, ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க, ஆளாவது ஒண்ணாவது. இது திருஷ்டிங்க" என்றாள் மல்லிகா. கோவைக்குப் போயிருந்தபோது முருகன் கோயிலிலிருந்து அவள் கொண்டுவந்த விபூதி டப்பா நிறைய இருந்தது. "போன தடவை ஹேமருக்கு எப்படிப் பூசுனீங்க?"

"பட்டை போட்டு, பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டுனேன். வாயில ஒரு சிட்டிகை."

அது அவர்கள் வீட்டுப் பழக்கம். வர்ஷாவுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசிவிட்டு நாக்கிலும் ஒரு சிட்டிகை வைப்பார்கள். ஹேமருக்கு வாய் என்றால் ஆயில் ஹோஸ் வந்து பூட்டுகிற துவாரம். முதல் தடவை சீல் மாற்றியபோது, ஹோஸை மாட்டுவதற்கு முன்னால், உயிர் இதன் வழியாகத்தானே போகிறது என்று ஏதோ தோன்றி, அங்கே ஒரு சிட்டிகை வைத்தான். அதுவே பழக்கமாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தாராளமாத்தான் வையுங்களேன். சாமி விஷயத்துல கஞ்சத்தனம் எதுக்குங்க" என்று டப்பாவை அவன் பையில் போட்டாள்.

திருஷ்டி ஒருபுறம் இருக்கட்டும், கை வைத்த ஆள் யார் என்பதில் முத்துவேலுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஜம்போவை ஓட்டுகிற டக்ளஸ்தான்.

டக்ளஸ் கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் பையன். பையன் என்றால் முப்பதை நெருங்குகிறவன். அப்பா அம்மா இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே தேயிலையில் உழைத்தவர்கள். கேம்பில் அவன் ஒருவன்தான் கிறிஸ்தவன், அதிகம் பேசாதவன். பேசாதவர்களை முத்துவேலுக்கு எப்போதுமே பிடிக்காது. பேசாமல் இருந்தால் உள்ளே என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

ஹேமரைப் பூட்டுகிற வேளையில் மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்கப் போய்விடுவார்கள். டக்ளஸ் மட்டும் போகமாட்டான். கொஞ்சம் தள்ளி நின்று ஹேமரையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாவது முறை பூட்டியபோது ஒரு எட்டு முன்னால் வந்து, "அண்ணே" என்று கூப்பிட்டான். முத்துவேல் அப்போது கற்பூரத் தட்டோடு நின்றிருந்தான்.

"என்றா, உனக்கும் விபூதி வேணுமா? உங்க சாமி கோவிச்சுக்காதா?"

அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். டீ குடித்துவிட்டு அந்தப் பக்கம் வந்த நல்லசாமி வாய்விட்டுச் சிரித்தார். டக்ளஸும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே" என்று திரும்பிப் போனான். கூப்பிட்டவன் விஷயத்தைச் சொல்லாமல் போனானே, அது என்ன விஷயம் என்று முத்துவேல் அன்றைக்கு முழுக்க யோசித்தான். குற்றமுள்ள நெஞ்சு என்று முடிவு கட்டினான்.

அதற்கப்புறம் முத்துவேல் ஒரு போலீஸ்காரன்தான். ஆயில் டேங்க் மூடியில் கறுப்பு நூலைக் கட்டிவைத்து, காலையில் வந்ததும் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பான். நூல் அறுந்ததே இல்லை. அறுபடாத நூலைப் பார்த்து அவன் ஆறுதல் அடையவில்லை, இவன் வேறு வழியில் போடுகிறான் என்றுதான் நினைத்தான். டக்ளஸின் சாப்பாட்டுப் பையைக்கூட ஒருமுறை துழாவிப் பார்த்தான். அதில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன.

ஹேமர் மூன்றாவது முறை செத்ததும் மேனேஜர் வசந்த்குமார் முத்துவேலைக் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் என்பது சுரங்க வாசலுக்கு எதிரே நிற்கிற கன்டெய்னர். வெளியே மூடுபனி, உள்ளே அவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

"முத்துவேல், இதுல ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு நீங்க பூட்டறதுல கோளாறு, இல்லைன்னா அவன் ஓட்டறதுல கோளாறு. மேல இருக்கறவங்க யாருன்னு கேக்கறாங்க. நான் ஒரு பேரைச் சொல்லோணும்."

"நான் பூட்டறதுல என்னங்க சார் கோளாறு? நீங்களே பாக்கறீங்கல்லோ?"

"நான் பாக்கறேன். ஆனா ஹேமர் சாகுதே."

ஒரு பேர் என்றால் ஒருவர் வேலை போகும். முத்துவேல் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. மூடிய பட்டறையைத் திரும்பத் திறக்க முடியாது. ஹேமரைக் கொல்கிற மெக்கானிக் என்று பேர் வந்துவிட்டால் வேறு எந்தச் சுரங்கத்திலும் உள்ளே விடமாட்டார்கள். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தவனுக்குச் சந்தேகம் எவ்வளவு சௌகரியமான துணை என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது முறையாகப் பூட்டிய ஹேமரைத் தூக்கி வைத்து, துவாரத்து மூடியைக் கழற்றி, மல்லிகா சொன்னபடி தாராளமாகவே விபூதி வைத்தான். தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. வேறு பெட்டி எடுக்க ஸ்டோர் வரைக்கும் போனவன், பாதியிலேயே மனசு கேட்காமல் திரும்பி வந்தான். வந்து பார்த்தால், டக்ளஸ் ஹேமரின் மேல் குனிந்து நிற்கிறான். அவன் விரல் துவாரத்துக்குள் இருக்கிறது. விரலில் ஒரு துணி.

"கையை எடுறா."

டக்ளஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். துணியைச் சுருட்டி உள்ளங்கைக்குள் மறைத்தான். அந்த மறைப்பு ஒன்று போதாதா? முத்துவேல் அப்போதே அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கன்டெய்னருக்குப் போனான். மிஞ்சிய விபூதி மேலேயே மற்றவர்கள் ஹோஸை மாட்டினார்கள், ஹேமர் அன்று மாலைக்குள்ளாகவே சத்தம் மாறிச் செத்தது. அது செத்ததும் கேஸ் முடிந்தது.

"உள்ள எதுக்கு விரல விட்ட?" என்று அன்று சாயங்காலம் இருவரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு வசந்த்குமார் கேட்டார்.

"தொடச்சேன் சார்."

"எதைத் தொடச்ச?"

டக்ளஸ் முத்துவேலைப் பார்த்தான். நேராக, வெகுநேரம் பார்த்தான். முறைக்கிறான் என்றே முத்துவேல் நினைத்தான்.

"தூசி இருந்திச்சு சார்."

"நான் பூட்டுன ஹேமர்ல தூசியா? சார், இந்த மலையில எவன வேணும்னாலும் கேளுங்க. என்ற டேபிள் மேல தூசி இருக்குமான்னு கேளுங்க."

"என்ன தூசிப்பா? தெளிவாச் சொல்லு" என்றார் வசந்த்குமார்.

டக்ளஸ் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வசந்த்குமார் கெட்டவர் இல்லை. உடனே வேலையை விட்டு எடுக்காமல், ஊருக்குப் போய் இரு, சொல்லி அனுப்புகிறேன் என்றார். புது ஹேமர் ஒன்று வருகிறது, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்போம், ஓடினால் அப்புறம் உன்னைக் கூப்பிடுவதற்கு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். டக்ளஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஊட்டி பஸ்ஸுக்கு நடந்தான். முத்துவேல் பட்டறை வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்தான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

புது ஹேமரோடு அதைத் தயாரித்த கம்பெனியின் ஆள் ரொனால்டும் வந்தார். கை உறை போட்ட மனிதர், யாரையும் பக்கத்தில் விடவில்லை. துவாரத்து மூடியைக் கழற்றிய கையோடு ஹோஸை மாட்டி முறுக்கிவிட்டார். முத்துவேல் தட்டோடு வந்தபோது, "எல்லாம் மாட்டியாச்சு, இனி தாராளமாப் பண்ணிக்கங்க" என்றார். அதனால் இந்த முறை பட்டை, பொட்டு, கற்பூரம் எல்லாம் வெளியேதான்.

ஹேமர் ஓடியது. என்ன ஓட்டம்! பாறை வெண்ணெய் மாதிரி இறங்கியது. நெல்சன் என்று வேறொரு ஆள் ஜம்போவை ஓட்டினான், டக்ளஸ் அளவுக்குக் கைப்பதம் இல்லாதவன், அவன் கையிலேயே அப்படி ஓடியது. கேம்பில் எல்லோரும், "பாத்தியா, அவன் போனதும் மிஷின் எப்படி இருக்குதுன்னு" என்று பேசிக்கொண்டார்கள். நல்லசாமி வந்து, "உன்ற கண்ணுக்குத் தப்புமா முத்து" என்று முதுகில் தட்டினார். முத்துவேல் தரையில் கால் படாமல் நடந்தான்.

செத்துக் கிடந்த பழைய ஹேமரை அவசரத்துக்கு ஒன்று வேண்டுமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்க உட்கார்ந்தான். சுரங்கத்தில் வேலை இல்லை, பட்டறையில் அவன் மட்டும்தான். வெளியே பனி விலகி, தேயிலைச் சரிவில் நல்ல வெயில் விழுந்திருந்தது.

ஆயில் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சிறு சல்லடை உண்டு. எப்போதும் டீசலில் கழுவிய பிறகுதான் அதைத் தூக்கிப் பார்ப்பான். இன்றைக்கு அவசரமில்லாமல் கழுவுவதற்கு முன்னாலேயே பார்த்தபோது, சல்லடையின் கண்களில் சாம்பல் நிறத்தில் களிம்பாக ஏதோ அப்பியிருந்தது. முத்துவேலுக்கு ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. கிடைத்துவிட்டது சாட்சி. டக்ளஸ் போட்ட பொடி இதுதான். இதைக் கொண்டுபோய் வசந்த்குமார் மேசை மேல் வைத்தால் அவன் கதை அத்தோடு முடிந்தது.

என்ன பொடி என்று பார்க்க விரலில் எடுத்துத் தேய்த்தான். இந்தச் சுரங்கத்துப் பாறைத் தூசி நறநறவென்று இருக்கும், கறுப்பாகவும் இருக்கும். இது வழவழவென்று, மெத்தென்று இருந்தது. ஆயிலை டீசலில் கரைத்துவிட்டு மறுபடி தேய்த்தான். வெளுத்தது. மூக்கருகே கொண்டுபோனான். டீசல் நாற்றத்துக்குள்ளே எங்கேயோ பச்சைக் கற்பூரம் மணத்தது. தினம் காலையில் தன் நெற்றியில் இழுக்கிற அந்த மென்மை அவன் விரலுக்குத் தெரியாதா என்ன. விரல் முதலில் கண்டுபிடித்தது, அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

வாயில் ஒரு சிட்டிகை. அப்புறம் தாராளமாக ஒரு சிட்டிகை. இவன் கையாலேயே வைத்தது. முறுக்குத் துகளுக்கு ஒரு மனுஷனை விரட்டியவன், இதைத் தூசி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. விபூதி எப்படித் தூசியாகும்? ஆனால் பிஸ்டனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே. முத்துவேல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்குப் போய் மல்லிகாவிடம் சொன்னான். அவள் நம்பவில்லை. "சாமி விபூதி போய் மிஷினக் கெடுக்குமுங்களா?" என்றாள். அவன் மறுபடியும் விளக்கியதும் அவள் முகம் வெளுத்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, "யாருக்குங்க தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு மட்டும்தான்."

"அப்படியே இருக்கட்டும். கழுவிப் பூட்டிப்போடுங்க. இனிமே வாயில வைக்காட்டிப் போச்சு."

அதுதான் எவ்வளவு சுலபம். புது ஹேமர் ஓடுகிறது, பேர் கெடவில்லை, வேலை போகவில்லை. ஒரு வாய் டீசல் ஊற்றிக் கழுவினால் சாட்சியும் இல்லை. முத்துவேலுக்கு அந்த யோசனை பிடித்தும் இருந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. டக்ளஸ் விரலில் துணி சுற்றி அந்த வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்படியானால் அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் ஏன் சொல்லவில்லை?

பாருங்கள், அப்போதும் அவனுக்கு வந்தது சந்தேகம்தான். நான் மாட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தானா? நேரம் பார்த்து மேலிடத்தில் சொல்லி என் வேலைக்கு உலை வைக்கலாம் என்று இருக்கிறானா? சாதத்தைப் பிசைந்தது பிசைந்தபடி எழுந்து, கையைக் கழுவிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. துப்புத் துலக்கப் போனான்.

ஊட்டியைத் தாண்டி, கோத்தகிரியைத் தாண்டி, கீழே இறங்க இறங்கக் குளிர் குறைந்தது. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் டக்ளஸின் அம்மா அவனை யாரென்று தெரியாமலேயே உட்காரச் சொன்னாள்.

"மகன் கொழுந்து லாரி ஏத்தப் போயிருக்கான், இப்ப வந்துருவான். பிளேன்டீ ஊத்தவா?" என்று கேட்டவள், அவன் சுரங்கத்திலிருந்து வருகிறான் என்றதும் கிட்டே வந்தாள். "நீங்களாவது சொல்லுங்க. என்னத்துக்கு அவனை அனுப்பிட்டாங்க? கேட்டா சொல்ல ஏலாதுங்கிறான். கோத்தகிரியில பொண்ணு பேசி வச்சிருந்தோம். மிஷின ஒடச்சுப்புட்டு வந்தவன்னு அவுங்க காதுக்குப் போயிருச்சு. பொறுங்கங்கிறாங்க. என்னத்தப் பொறுக்கிறது?"

முத்துவேல் டீயைக் குடித்தான். சூடாக இருந்தது என்பதற்கு மேல் அதன் ருசி அவனுக்குத் தெரியவில்லை.

டக்ளஸ் வந்தான். சட்டையெல்லாம் தேயிலைச் சாறு. முத்துவேலைக் கண்டதும் நின்றான், அம்மா முன்னால் எதுவும் பேசாமல் தலையை ஆட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனான். லைன் வீடுகளுக்கு மேலே ரோட்டோரம் இருவரும் நின்றார்கள்.

"அன்னைக்கு நீ தொடச்சது என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றான் முத்துவேல்.

"தெரிஞ்சிருச்சாண்ணே." அவன் குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தும் எதுக்குச் சொல்லல? நான் மாட்டோணும்னுதானே இருந்தே?"

"மாட்டுனது யாருண்ணே?"

டக்ளஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டாவது தடவ பூட்டயில சொல்லத்தான் வந்தேன். அண்ணேன்னு கூப்பிட்டேன். உங்க சாமி கோவிச்சுக்காதான்னீங்க. நல்லசாமி அண்ணன் சிரிச்சாரு. அதுக்குப் பெறகு நான் எப்பிடிண்ணே சொல்றது? விபூதி வைக்காதீங்க, அதுதான் ஹேமரக் கெடுக்குதுன்னு நான் சொன்னா, ஹேமரப் பத்திப் பேசுறேன்னு யாரு எடுப்பாங்க? நீங்க எடுத்திருப்பீங்களா?"

முத்துவேல் பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. என்ன செய்திருப்பான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கேம்ப் முழுவதையும் சாயங்காலத்துக்குள் கூட்டியிருப்பான். நம்ம சாமியைத் தூசிங்கிறான் என்று ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொல்லியிருப்பான். அதற்கப்புறம் டக்ளஸ் அங்கே ஒருவாய் சோறு நிம்மதியாகத் தின்றிருக்க முடியாது.

"சார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லோ."

"சார் உங்கள வச்சுக்கிட்டுத்தானே கேட்டாரு. அங்க நான் ஒத்த ஆளுண்ணே. தூசின்னு மட்டும் சொல்லிட்டு உங்களப் பாத்தேன். நீங்களாப் புரிஞ்சுக்குவீங்கன்னு பாத்தேன்."

முறைக்கிறான் என்று தான் நினைத்த பார்வை அது. முத்துவேலுக்கு அவமானமாக இருந்தது. கோபப்படலாம் என்றால் கோபப்பட ஆள் யாரும் மிச்சமில்லை. அங்கேயே நின்று போனை எடுத்து வசந்த்குமாரைக் கூப்பிட்டான்.

"சார், ஹேமரக் கெடுத்தது நானுங்க. டக்ளஸ் இல்லீங்க. அவன் பக்கத்துல நின்னுதான் பேசறேனுங்க." சல்லடையில் பார்த்ததையும், தான் ஒவ்வொரு முறையும் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னான்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் வசந்த்குமார்.

"தெரியுமுங்க."

"அப்ப அன்னைக்கு என்ன தூசின்னு கேட்டனே, ஏன் சொல்லல?"

"சொன்னாக் கேக்கற ஆளு நான் இல்லீங்க சார். அது அவனுக்கும் தெரிஞ்சிருக்குதுங்க."

"போனை அவங்கிட்டக் குடுங்க" என்றார்.

டக்ளஸ் போனை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினான். பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். திரும்பி வந்து போனை நீட்டினான்.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னாரு."

"என்னைப் பத்தி?"

"இனிமே உங்க கூட ஒரே மிஷின்ல வேலை செய்ய முடியுமான்னு கேட்டாரு. முடியாதுன்னா உங்கள அனுப்பிடுறேன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"முடியும்னு சொன்னேன்."

முத்துவேல் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். அப்படித்தான் சொன்னானா, வேறு ஏதாவது சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறானா என்று கண் தானாக அந்த முகத்தைத் துழாவியது. டக்ளஸ் அதைக் கவனித்துவிட்டான். அவனிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

முத்துவேல் சட்டென்று பார்வையை இறக்கிக்கொண்டான். "நீயும் கிளம்பு. என்ற பைக்குலயே போயிரலாம். பஸ்ஸு மாறி மாறி எதுக்கு அலையறே."

"இல்லண்ணே. நான் காலையில பஸ்ல வந்துர்றேன்."

"நான்தான் தப்புன்னு சொல்லிட்டனல்லோ. இன்னும் என்ன?"

"கோவமெல்லாம் இல்லண்ணே. வேலைன்னா பாறை இருக்கும், மிஷின் இருக்கும், அதப் பாத்துக்கிட்டு இருந்துரலாம். பைக்குன்னா அம்புட்டுத் தூரமும் உங்க முதுகப் பாத்துக்கிட்டு வரணும். இவரு இப்ப நம்மளப் பத்தி என்ன நெனைக்கிறாருன்னே எனக்கு ஓடிக்கிட்டு இருக்கும். முந்தியெல்லாம் எனக்கு அப்பிடி வராதுண்ணே. இப்ப வருது."

அவன் கும்பிடு போட்டுவிட்டு லைன் வீடுகளுக்கு இறங்கிப் போனான். முத்துவேல் பைக்கை மிதித்தான். அது கிளம்பவில்லை, மறுபடியும் மிதித்தான். கண் கலங்கியிருந்ததால் சாவியைத் திருப்பாமல் மிதித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை.